எண்பது காணியும் அறுநூற்றிருபது ஏக்கரும்

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறித் தெற்கே போனால் சற்று நேரத்தில் வடலூர் வந்துவிடும். அங்கே 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு ஒன்று இன்றும் எரிகிறது. 21 அடி நீளமுள்ள அந்த அடுப்பில் வேகும் சோறு, பசி என்று வந்து உட்காரும் எவருக்கும் உண்டு. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, உடம்பில் வலு இருக்கிறதே, வேலை செய்யக்கூடாதா என்றும் கேட்பதில்லை. இந்தச் சத்திய தருமச்சாலையின் கதையையும் எங்கள் நெய்வேலியின் கதையையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டுமே யாரோ நிலம் கொடுத்ததில் தொடங்கியவை. அந்த நிலங்கள் என்ன ஆயின, நிலத்துக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், தருமம் செய்வதால் உலகத்தின் துன்பம் தீருமா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்து மண்ணிலேயே கொஞ்சம் பதில் இருக்கிறது.

நான் சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா 1960-களில் கும்பகோணம் பக்கமிருந்து கலாசி வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, குடும்பம் நடத்தியது எல்லாம் குவார்ட்டர்ஸில்தான். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பார். பூசத்துக்குப் போகும்போது அது தருமச்சாலைக்குப் போய்ச் சேரும். பழையதையோ மீந்ததையோ கொடுத்தால் என்ன என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “உலையில போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெக்கணும்டா. வெந்து மீந்ததைக் கொடுக்க நாம யாரு?” என்பார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. ஆகவே தருமத்தைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை.

மருதூரில் 1823-இல் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பெயரும் புகழும் வந்தபின் சென்னையே வேண்டாம் என்று கருங்குழிக்கு வந்து தங்கியவர் இராமலிங்க அடிகள். மாகாணம் வறட்சியிலும் விலையேற்றத்திலும் தவித்த காலம் அது. 1866-இல் ஒரிசாவை அழித்த பஞ்சத்தின் நிழல் சென்னை மாகாணத்தின் வடபகுதி வரை விழுந்திருந்தது. அடுத்த ஆண்டு அவர் தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். சுமார் 80 காணி, இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்குச் சற்று மேல். ஜமீனோ மடமோ கொடுத்த நிலம் இல்லை அது. ஏரும் மாடுமாகப் பிழைத்த குடியானவர்கள் கூடிப் பேசிக் கொடுத்தது.

கொடுத்தவர்கள் அந்த நிலத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்தார்கள். விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து போட்டார்கள், விளையாத ஆண்டில் தாங்களே அங்கு வந்து சாப்பிடவும் முடிந்தது. இன்றைக்கும் தைப்பூசத்தில் பார்வதிபுரத்தார் சீர்வரிசையோடு வருகிறார்கள். சுற்றுவட்டாரமெங்கும் இருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த அடுப்பு அணையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே மண்ணில், ஒரே மழையை நம்பி வாழ்கிறவர்கள். இன்று கொடுக்கிறவன் நாளை பந்தியில் உட்காரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிகள் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் பசியைத்தான் எல்லாத் துன்பத்துக்கும் முன்னால் நிறுத்துகிறது. அந்தக் காலத்து அரசாங்கம் பசியை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அடிகள் 1874-இல் மறைந்தார். இரண்டே ஆண்டில், 1876-இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைகளைப் பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த உணவில் மனிதன் உழைத்து உயிர் வாழ முடியாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தார்கள்.

தருமச்சாலையால் அந்தப் பஞ்சத்தைத் தடுக்க முடியவில்லை. எப்படி முடியும்? மழை பொய்த்தது, விலை ஏறியது, பஞ்ச காலத்திலும் தானியம் கப்பல் ஏறியது. 21 அடி அடுப்பு ஒன்று இத்தனைக்கும் ஈடு கொடுக்காது. ஆனால் அதைத் தேடி வந்து சேர்ந்தவருக்கு அன்றைக்கு உயிர் நின்றது. தராசில் நிறுத்துக் கொடுக்காத ஓர் இடம் இந்த நாட்டில் இருக்கிறது என்ற நினைப்பும் நின்றது. இந்த இரண்டையும் சிறிய விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது. பஞ்சமே வராமல் செய்வது வேறு வேலை. அதற்கு வேறு ஆட்கள், வேறு கருவிகள் வேண்டும்.

இனி எங்கள் ஊர்.

1930-களின் நடுவில், நெய்வேலி கிராமத்தில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்துக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் தானாகவே பீறிட்டு வந்தது. கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. இந்தப் பகுதியின் அடிநீருக்கு அப்படி ஓர் அழுத்தம், இறைக்காமலே பொங்கும் ஊற்றுகள் இங்கே இருந்தன. முதலியார் அந்தக் கறுப்பு மண்ணை விடவில்லை. மாதிரி எடுத்து அரசுக்கு அனுப்பினார். 1940-களில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. அப்புறம் கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் வந்து நிலக்கரி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணக்கிட்டார். 1953-இல் சோதனைக்காக ஒரு குழி வெட்டினார்கள். காமராஜர் முதலமைச்சரானபின் காரியம் வேகம் பிடித்தது. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கடலூர் மணற்பாறை ஜெர்மன் இயந்திரங்களின் பல்லை உடைத்த கதையெல்லாம் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1961-இல் கரி முகம் தெரிந்தது. 1962-இல் ரஷ்யர்களின் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. வளர்ந்து 600 மெகாவாட் ஆன அந்த நிலையம் 2020-இல் ஓய்வு பெறும் வரை தென்னாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது.

இதற்காக ஜம்புலிங்க முதலியார் 620 ஏக்கர் நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். நெய்வேலியில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்த எண் தெரியும். அது பெரிய மனது, சந்தேகமே இல்லை. ஆனால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் டவுன்ஷிப்பும் அந்த 620 ஏக்கரில் அடங்கிவிடவில்லை. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. அந்த நிலத்துக்காரர்கள் கொடுத்தவர்கள் இல்லை. பொதுக்காரியம் என்று சட்டம் சொன்னது, சர்க்கார் நோட்டீஸ் வந்தது, ஒரு தொகை வந்தது, ஊர் காலியானது. சில ஊர்களின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டவுன்ஷிப்புக்குள் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடியும் பால்குடமுமாகக் கூட்டம் நெரியும். வில்லுடையான்பட்டு என்று ஓர் ஊரே இருந்தது என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அகலமான சாலைகள், இருபக்கமும் மரம். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் மாவும் பலாவும் முருங்கையும் வைக்க இடம். குழாயில் நீர். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில். உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. மற்ற ஊர்களில் மின்வெட்டு என்று பேப்பரில் படிப்போம். ஜூலையில் புத்தகக் கண்காட்சி வந்தால் குடும்பத்தோடு போவோம். தமிழ்நாட்டில் ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடைத்த இடங்கள் குறைவு. அந்த நிம்மதியில்தான் என் தங்கை படித்து டீச்சரானாள்.

அந்த நிம்மதி எதன்மேல் நின்றது என்று என் வேலை எனக்குத் தினமும் காட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. முதலியார் கிணற்றில் பீறிட்டதே, அதே நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வெள்ளம் புகுந்துவிடும். ஆகவே பம்புகள் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். பொங்கலோ தீபாவளியோ கிடையாது. ஒரு டன் கரி எடுக்கப் பல டன் நீரை வெளியேற்றுகிறோம். அதில் ஒரு பகுதி மின்நிலையத்துக்குப் போகும், ஒரு பகுதி எங்கள் குழாய்க்கு வரும், ஒரு பகுதி வாய்க்காலாகி வயலுக்குப் போகும். வாய்க்கால் பாய்ந்த ஊரில் நெல் விளைந்தது, அதையும் சொல்ல வேண்டும். வாய்க்கால் எட்டாத ஊரில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றன. கிணற்றில் நீர் கீழே போனது, போரை ஆழமாக்கக் கடன் வாங்கினார்கள்.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தபோது, பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். 1972-இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் உலகெங்கும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. வழியே போகிறவன் உடுப்பு நனையுமே என்று நிற்பானா? இறங்கித் தூக்கத்தான் வேண்டும். அப்படியானால் தொலைவில் பசியால் சாகும் குழந்தைக்கும் நம் சௌகரியத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், தூரம் ஒரு சாக்காகாது என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம். அம்மாவின் பிடி அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் சிங்கரின் வழிப்போக்கன் அந்தக் குளத்துக்கு அந்நியன். அதை வெட்டியது யார் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. நெய்வேலியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் இங்கே பள்ளத்தை வெட்டியது நாங்கள். நாங்கள் என்றால் ஒரு நிறுவனம் மட்டும் இல்லை. சம்பளம் வாங்கிய நான், அந்த மின்சாரத்தில் மில் ஓட்டிய கோயம்புத்தூர், விசிறி போட்டுத் தூங்கிய சென்னை, கேரளம், கர்நாடகம், புதுச்சேரி எல்லாரும் சேர்த்துத்தான்.

ஒரு பூசத்தன்று தருமச்சாலைப் பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“நெய்வேலிங்க ஐயா. பன்னெண்டாவது பிளாக்.”

“பர்மனெண்டா?”

“ஆமாங்க.”

“நல்லது. எங்களுக்கு நாலு காணி கொல்ல இருந்துச்சு. மல்லாட்ட போடுவோம், மானாவாரியா கம்பு. பூசத்துக்கு ரெண்டு மூட்ட இங்க கொண்டாந்து எறக்குவாரு எங்கப்பா. நானும் எறக்கிருக்கன். நெலம் கைய வுட்டுப் போயிடுச்சு. பையன் காண்ட்ராக்ட்ல போறான். இப்ப வந்து சாப்ட்டுட்டுப் போறன்.”

வருத்தமாகச் சொல்லவில்லை. சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். அங்கே சாப்பிடுவதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை, இருக்கவும் கூடாது. எனக்குத்தான் அடுத்த கவளம் இறங்கவில்லை. மூட்டை இறக்கிய கை இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறது, அதை அப்படி உட்கார வைத்த காரியத்தில் எனக்கும் பங்கிருக்கிறது. அவர் இலையில் விழும் சோற்றில் என் வீட்டுப் பிடி அரிசியும் இருக்கலாம். அதை நான் அவருக்குச் செய்த தருமம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வேன்? அது அவருக்கு நான் தர வேண்டியதில் ஒரு சிறு தவணை, அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது தருமத்தின் அளவு எனக்கு இன்னொரு விதமாகத் தெரிந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தமிழ்நாடு முழுவதிலும் இருந்து சோறு வந்தது, போர்வை வந்தது, தார்ப்பாய் வந்தது. டவுன்ஷிப்பிலிருந்து நாங்களும் மூட்டை கட்டிக் கொண்டுபோனோம். அந்தச் சில வாரங்களில் யாரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டது அந்த உதவிதான். ஆனால் முந்திரி நட்டுக் காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். பலா இன்னும் தாமதம். லாரிகள் திரும்பிப் போனபின் வந்த அந்த ஆண்டுகளில் தோப்புக்காரர்கள் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூலிக்குப் போனார்கள். ஆறாவது மாதத்தில் யாருக்கும் அரிசி மூட்டை நினைவு வருவதில்லை. உதவுகிறவர்களின் மனம் கெட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கண்ணில் படும் துன்பத்துக்குத்தான் இரக்கம் ஓடும், அது இரக்கத்தின் சுபாவம். கண்ணில் படாத நான்கைந்து ஆண்டுகளைத் தாங்க இன்ஷூரன்ஸ் வேண்டும், கடன் தள்ளுபடி வேண்டும், சட்டம் வேண்டும்.

தருமம் சட்டமாக மாறும்போதுதான் பசி உண்மையில் பின்வாங்கியிருக்கிறது. நம் மதிய உணவின் கதையே சாட்சி. நெய்வேலி நிறுவனம் பதிவான அதே 1956-இல்தான் காமராஜர் எட்டயபுரத்தில் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் அது ஊர்க்காரர்களின் நன்கொடையை நம்பி நின்ற காரியம். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். அரிசியும் விறகும் பாத்திரமும் வீடுகளிலிருந்து வந்தன. பின்பு அரசு தன் பங்கைப் போட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊரார் போட்ட பிடி அரிசி 45 ஆண்டுகளில் ஒரு குழந்தை கேட்டு வாங்கும் உரிமையானது. இதில் எந்தக் கட்டமும் வீண் இல்லை. முதல் பிடி இல்லாமல் கடைசி உத்தரவு வந்திருக்காது. முதல் பிடியோடு திருப்திப்பட்டிருந்தாலும் வந்திருக்காது.

எங்கள் ஊரில் அந்தப் பயணம் பாதி வழியில் நிற்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் குடிநீர்த் தொட்டி, பள்ளி வகுப்பறை, மருத்துவ முகாம் என்று இத்தகைய பணத்தில் எழுந்தவற்றை நான் பார்க்கிறேன். பயன்படுகின்றன. ஆனால் ஓர் ஊரின் ஊற்று வற்றிய இடத்தில் கட்டும் குடிநீர்த் தொட்டியை நன்கொடைக் கணக்கில் எழுதுவது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. இழப்பீடு ஒரு பக்கம், நன்கொடை இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்துவிட்டால், கேட்க உரிமையுள்ளவன் கும்பிட்டு வாங்குகிறவன் ஆகிவிடுகிறான்.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நிலத்தில் கதிர் வர இருந்த நெல் நின்றது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, கால்வாய் இல்லாவிட்டால் சுரங்க வேலை நின்றுபோகும் என்று நிறுவனம் சொன்னது. விவசாயிகளோ கொடுத்த விலை போதாது, வேலை வரவில்லை, பயிராவது அறுக்கும்வரை பொறுத்திருக்கலாமே என்றார்கள். இரண்டு நாளில் நெய்வேலியில் போராட்டம் கல்வீச்சாகவும் தடியடியாகவும் முடிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அந்தத் தொகையை யாரும் தருமம் என்று சொல்லவில்லை. நீதிமன்றம் சொல்லிக் கொடுத்த பணம். வாங்கியவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. போதுமா என்பது வேறு விஷயம்.

இப்போது டவுன்ஷிப்பை விட்டு வடலூர்ப் பக்கம் குடிவந்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து, நிலம் போன குடும்பங்களின் காகிதங்களைப் படித்துச் சொல்கிறோம். அவார்டு நகல், பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று என்று துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பா பெயரில் பட்டா, அப்பா இறந்து பல ஆண்டு, அண்ணன் தம்பிக்குள் பாகம் எழுதவில்லை, பணம் கோர்ட்டில் கிடக்கிறது என்பது போன்ற கதைகள்தான் அதிகம். இழப்பீட்டை உயர்த்தக் கேட்கும் மனுவை எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று தெரியாமலே காலம் கடந்துபோன குடும்பங்களும் உண்டு. எங்களில் ஒருவர் ஆபீஸில் கணக்கு எழுதியவர், ஒருவர் சர்வே பிரிவில் இருந்தவர். எனக்கு எந்தக் கிராமத்தில் எந்த ஆண்டு எத்தனை பம்பு ஓடியது என்று தெரியும். சர்வே எண்ணையும் பழைய கிராம வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, எந்த ஊர் எந்த இடத்தில் இருந்தது, யார் வீடு, யார் கிணறு, யார் கொல்லை என்று ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். 80 காணி கொடுத்தவர்களை ஆண்டுதோறும் சீர்வரிசை நினைவில் வைக்கிறது. 620 ஏக்கர் கொடுத்தவர் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த மற்றவர்களின் பட்டியல் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் எங்கும் என் கண்ணில் பட்டதில்லை. அது எழுதி முடிந்தால்தான் யாருக்கு என்ன பாக்கி என்று பேசத் தொடங்க முடியும். முதல் இரண்டு ஊர் முடிந்திருக்கிறது.